கனப்பட்டு

ஆரணி பாவடித் தெரு ரேணுகாம்பாளின் எடை பதினோரு கிலோவுக்கு இறங்கிய வருடத்தில்தான் தக்காளி விலை நூறைத் தாண்டியது. தெரு தக்காளியைப் பற்றித்தான் அதிகம் பேசியது. ரேணுகாம்பாள் இளைத்துப் போகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதே உயரம், அதே தோள். கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கை இன்னும் அதே இடத்தில் பிடித்தது. உடம்பு இருந்தபடியே இருந்தது, எடை மட்டும் அதை விட்டுப் போய்விட்டது. ஆடிக் காற்றில் வாசல் தெளிக்க வந்தால் இடது முழங்கையில் வாளியை மாட்டி, அதே கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் தெளிப்பாள். வாளி காலியாகக் காலியாக இரண்டு பாதமும் தரையை விட்டு எழும்பும். எதிர்வீட்டுப் பாக்கியமேரி வந்து முந்தானையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டுப் போவாள். மழை வருவதற்குள் கொடியில் காயும் துணியை எடுப்பதைப் போல அதையும் ஒரு வேலையாகவே இருவரும் செய்தார்கள்.

இது நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு சேலையிலிருந்து தொடங்கியது. பட்டுக்கு ஆரணியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். நெய்தவன் சேலையை நிறுத்துக் கொடுக்க வேண்டும். போனதும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். கூடினால் என்ன செய்வது என்று விதி கிடையாது, ஏனென்றால் கூடி யாரும் பார்த்ததில்லை. பார்க்காததற்குக் காரணம் இருந்தது. பட்டுக்கடை ரங்கசாமி முதலாளியின் அப்பா காலத்தில் கடையில் தொங்கியது பித்தளைத் தராசு. சேலை வைத்த தட்டின் அடியில் அவருடைய கட்டைவிரல் எப்போதும் லேசாக முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவின் கட்டைவிரல். எடையைக் குறைத்துக் காட்டத்தான் விரல் வைக்கிறார் என்று நெசவாளிகள் முதுகுக்குப் பின்னால் திட்டினார்கள். அந்த விரல் எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. ரங்கசாமி எம்.காம். படித்தவர். தராசில் விரல் வைப்பது அவருக்கு அருவருப்பு. எலெக்ட்ரானிக் தராசு ஒன்றை வாங்கிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித் தொடங்கினார். அந்த வாரமே ரேணுகாம்பாளின் புருஷன் பார்த்திபன் கொண்டுவந்த சேலை, கொடுத்த நூலைவிடக் கால் கிலோ கூடுதலாக நின்றது.

எடை கூடினால் ஆரணியில் எல்லோருக்கும் வரும் நினைப்பு ஒன்றுதான்: கஞ்சி. நூலைக் கொஞ்சம் எடுத்து வெளியே விற்றுவிட்டு, குறைந்ததைக் கஞ்சி ஏற்றிச் சரிக்கட்டுவது பழைய தந்திரம். ரங்கசாமி நாலு பேர் முன்னால் கேட்டார்: "இன்னா பார்த்தி, நூல வித்துட்டு சோத்துக் கஞ்சிய ஊத்திக் குடுக்கிறியா? ஊத்தனதுதான் ஊத்தன, அளவு பாத்து ஊத்தக் கூடாதா?" நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தியின் நுனியை வெந்நீரில் அலசிப் பார்த்தார்கள். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வெயிலில் உலர்த்தி மறுபடி நிறுத்தார்கள். அதே கால் கிலோ. ஜரிகையை உரசிப் பார்த்தார்கள்; சுத்தம். பார்த்திபன் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சுவரில் மோதி நிறுத்தினான்.

"நூலுல இன்னாடி கலந்த? ஊரு சிரிக்குது."

"நான் இன்னாத்த கலக்கறதுங்க? என் கையிதான் கலந்துகினு கீது" என்றாள் ரேணுகாம்பாள். அதை அவன் திமிர் என்று எடுத்துக்கொண்டான். அன்றைக்கு வாங்கிய அடியும் அன்றைய வேலைகளோடு ஒரு வேலையாகச் சேர்ந்தது. பார்த்திபன் கெட்டவன் இல்லை என்றுதான் தெரு சொல்லும். தெருவின் அளவுகோல் அவ்வளவுதான்.

நெய்பவன் பார்த்திபன், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. நெசவாளர் அட்டை அவன் பெயரில், கூலி அவன் கையில். ஆனால் தறி தானாக ஓடிவிடாது. தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் போகும் நூல் கண்டு, அதாவது தார், ஒவ்வொன்றையும் ராட்டையில் சுற்றித் தர வேண்டும். தறியில் நீளவாக்கில் கட்டிய பழைய பாவு தீர்ந்தால் புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு கழுத்து திரும்பாது. கரை வேறு நிறமானால் தறியின் ஓரத்தில் உட்கார்ந்து இன்னொரு நாடாவைத் தள்ள வேண்டும். இதற்கு நடுவில் தண்ணீர்க் குடம், சோறு, குழம்பு, மாமியார் இருந்தவரை அவளுக்கு மருந்து, பிள்ளையின் சீருடை, தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்தவன் எழுந்திருக்காமல் இருக்க அவன் கைக்கே போகும் டீ. கல்யாணமாகி வந்த மறுநாளே ரேணுகாம்பாளை ராட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். இதற்கெல்லாம் தனியாகக் கூலி உண்டா என்று கேட்டால் தெரு சிரிக்கும். அது கூலிக்குள்ளேயே இருக்கிறது என்பார்கள். கூலியைத் திறந்து அதற்குள் எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.

அடுத்த மாதம் ரேஷன் கடையில் அரிசி லாரிக்குக் காத்திருந்த பெண்கள், பொழுது போகாமல், மூட்டை நிறுக்கும் தராசில் ஒருவர் பின் ஒருவராக ஏறி நின்றார்கள். பாவடித் தெருப் பெண்கள் எல்லோரும் நினைத்ததைவிடக் குறைவாகவே இருந்தார்கள். முதலில் சந்தோஷப்பட்டார்கள். மளிகைக் கடைக்காரர் மனைவி மட்டும் எழுபத்தி நாலு காட்டி, தராசைத் திட்டினாள். ரேணுகாம்பாள் நாற்பத்தி இரண்டு. இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவ முகாமில் நின்றபோது ஐம்பத்தெட்டு. அடுத்த சேலை தறியிலிருந்து இறங்கிய அன்று அவள் மறுபடி போய் நின்றாள். கால் கிலோ போயிருந்தது. பாக்கியமேரிதான் அதை வாய்விட்டுச் சொன்னவள். அவள் புருஷனை இழந்தவள். தானே குழியில் இறங்கி நெய்கிறாள், ஆனால் அட்டை கொழுந்தன் பிலிப் பெயரில் இருப்பதால் கூலி அவன் கைக்குப் போகிறது. "தறியிலருந்து சேல எறங்குது, உன் ஒடம்புலருந்து எட எறங்குது. ரெண்டும் ஒண்ணுதான் ரேணுகா. எனக்கும் எறங்குது, நான் மொதல்லயே கொஞ்சம் ஜாஸ்தி வெச்சிருந்தேன், அதான் தாங்குது."

கூலி கிடைக்கும் வேலை எடையைத் தொடவில்லை. கிடைக்காத வேலை ஒவ்வொன்றும் தொட்டது. தார் சுற்றிய கையின் எடை நேராக நூலுக்குள் போனது. வடித்த சோற்றின் எடை பார்த்திபன் வயிற்றுக்குள் போய், அவன் கால் வழியாக மிதிகட்டைக்கு இறங்கி, நாடாவோடு ஓடிச் சேலைக்குள் போனது. வெகு காலமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரேணுகாம்பாளின் மாமியார் செத்தபோது பாடை தூக்கிய நால்வரும் பாதி வழியில் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்த்தார்கள். அவள் செய்த புண்ணியம் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

ரேணுகாம்பாள் கடைக்குப் போனாள். நெசவாளியின் மனைவி கடை ஏறுவது வழக்கமில்லை. பெண்கள் வெட்டி மிஞ்சிய ஜரிகைத் துண்டுகளை வாங்கப் பின்வாசலுக்குத்தான் வருவார்கள். அவள் முன்வாசலில் ஏறி, தராசில் சேலையை வைத்து, பக்கத்தில் பெரிய தராசில் தானும் நின்று காட்டினாள். "கூட இருக்கறது நானுங்க மொதலாளி" என்றாள்.

ரங்கசாமி கோபப்படவில்லை. அவளுக்குக் காபி வரவழைத்தார். "ஏம்மா, நீ சுத்தற தாரு, சேக்கற இழ எல்லாம் கூலிக்குள்ளயே வந்துடுதே. எங்க தாத்தா காலத்துலருந்து அப்படித்தான நடக்குது?"

"அதுக்குள்ளயே வந்துடுதுன்னா, என் எட ஏன் வெளிய போவுதுங்க?"

ரங்கசாமி சேலையைத் தராசிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். நல்ல கனம். பிணம் போன்ற கனம் இல்லை. தூங்கும் குழந்தையைத் தூக்கினால் கையில் படியுமே, அந்த மாதிரியான கனம். ரேணுகாம்பாள் காபியைக் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு யோசனை வந்துவிட்டது.

இரண்டே வாரத்தில் கடை முகப்பில் 'கனப்பட்டு' என்று பலகை ஏறியது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கல்யாணப் பெண்ணின் தாய்கள் வந்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, அடடா, இதுவல்லவா பட்டு என்றார்கள். மாமியார்களுக்கு இன்னும் பிடித்தது. கனப்பட்டு கட்டிய மருமகள் வேகமாக நடக்க மாட்டாள், உட்கார்ந்தால் சீக்கிரம் எழ மாட்டாள், பந்தி முடிந்து மண்டபம் காலியாகும் வரை தலை குனிந்தே இருப்பாள். விலை ஏறியது. தீபாவளிக்கு முந்தின வாரம் மிகக் கனமான சேலை கொடுத்த நெசவாளிகளுக்குப் பாராட்டு விழா நடந்தது. பார்த்திபனுக்குப் பொன்னாடையும் சுவர்க் கடிகாரமும் கிடைத்தன. பெண்களையும் மறக்கவில்லை, ஆளுக்கொரு குக்கர். குக்கரை வாங்க மேடை ஏறிய ரேணுகாம்பாள், அதைக் கையில் வாங்கிய பிறகுதான் மேடையில் சரியாக நின்றாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

நாலு வருடம் இப்படிப் போயிற்று. சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரும்பாயிற்றே, கொஞ்சமாவது கனம் ஏறும் என்று பெண்கள் நம்பி விழுங்கினார்கள். ஒரு அதிகாரி வந்து, உடல் பருமன்தான் இன்றைக்கு உலகம் முழுவதும் பெண்களின் பெரிய பிரச்சினை, இந்தத் தெருப் பெண்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று பேசிவிட்டு, மனைவிக்கு ஒரு கனப்பட்டு எடுத்துக்கொண்டு போனார். ஆண்களும் சும்மா இருக்கவில்லை. பார்த்திபன் குழவிக் கல்லைக் கயிற்றில் கட்டி ரேணுகாம்பாளின் இடுப்போடு முடிச்சுப் போட்டான், ராட்டை சுற்றும் வேகத்தில் அவள் உத்தரத்துக்குப் போய்விடாமல் இருக்க. தெருவில் மற்ற வீடுகளிலும் அதையே செய்தார்கள். மாவாட்ட வேண்டிய நாளில் மட்டும் கல்லை அவிழ்த்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகை, படிப்பு, ஜாதகம் எல்லாம் கேட்டு முடித்து, எழுந்திருக்கும்போது, பொண்ணு எத்தனை கிலோ என்று மெதுவாகக் கேட்டார்கள். தறி வீட்டில் நாற்பதுக்குக் கீழே இருந்த பெண்ணை யாரும் எடுக்கவில்லை. எத்தனை வருடம் வரும் என்று கணக்குப் போட்டார்கள், காஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பதைப் போல.

அந்தக் கணக்கு கடைசியில் மதிவதனியிடம் வந்து நின்றது. ரேணுகாம்பாளின் ஒரே மகள். ப்ளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைத்திருந்தது. ஒரு நாள் ரங்கசாமி தாமே வீட்டுக்கு வந்து தறியைப் பார்ப்பதைப் போல நின்று, தண்ணீர் கொண்டுவந்த பெண்ணைப் பார்த்தார். "பாப்பா நல்லா தெடமா இருக்குது" என்றார். இரண்டாவது தறி ஒன்றைத் தம் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார். அவர் பார்வையில் கெட்ட எண்ணம் இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. எடைக் கண்தான் அது.

அவர் போன பிறகு பார்த்திபன் சொன்னான்: "காலேஜு எங்க ஓடிப்போவுது? ஒரு வருசம் தார் சுத்தட்டும். உங்கிட்ட இனிமே இன்னா கீது?"

"எங்கிட்ட இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு உனுக்குத் தெரியாது?" என்றாள் ரேணுகாம்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் முறை. அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கையின் காற்றிலேயே அவள் கல்லின் கயிறு விறைக்கப் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டாள். அடிக்க எட்டாத தூரம். அவன் கையை இறக்கி, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். மதிவதனி அடுத்த நாள் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். பெண் பிள்ளைகளை இதில் உட்கார வைக்க வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

அவள் தார் சுற்றிய முதல் சேலை தறியிலிருந்து இறங்கிய மறுநாள், மொட்டை மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்தவள், சின்ன வயதுப் பழக்கம் மாறாமல், கடைசிப் படிகளை விட்டுவிட்டுக் குதித்தாள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ரேணுகாம்பாள் அந்தத் 'தொப்' சத்தத்துக்குக் காது கொடுத்தே பழகியவள். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். மகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு நேரம் தாமதம்தான், கோழி இறகு இறங்குவதைப் போல. மதிவதனிக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி மேலே ஏறி இன்னொரு முறை குதித்தாள். ரேணுகாம்பாள் சாம்பல் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் உடம்பிலிருந்து ஐம்பது கிலோ போனபோது வராத கோபம், மகளிடமிருந்து கால் கிலோ போனதில் வந்தது. முழுசாக, ஒரே நேரத்தில் வந்தது.

அதே வாரம் கலசப்பாக்கத்தில் ஒரு கல்யாணம் நின்றது. பெண்ணின் பெயர் சிவசங்கரி. அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று மூன்று மாதமாகச் சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. முகூர்த்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மண்டபத்து வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. தாய்மாமன் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஏழு ஆண்கள் சேர்ந்து பிடித்தார்கள். ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதே தவிர அவள் அசையவில்லை. மூச்சு கூட வாங்காமல், முகத்தில் எந்தக் கஷ்டமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். முகூர்த்த நேரம் கடந்து, மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறிய பிறகு, தானாக எழுந்து போய் மோர் குடித்தாள். சேலையில் ஏதோ குற்றம் என்று குடும்பத்தார் அதைக் கொண்டுவந்து ரங்கசாமி கடையில் எறிந்துவிட்டுப் போனார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்கு மேல் வராத சேலை அது. ஒரு பெண் உட்காருவது என்று முடிவு செய்துவிட்டால் அவளுடைய எடை தராசு காட்டுவதைவிட அதிகம் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. பாக்கியமேரி இதைக் கேட்டுக்கொண்டு வந்து, மீன் நறுக்கிக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அது உன் தறிச் சேல ரேணுகா. மாம்பழக் கலரு, பச்சக் கர. ஞாபகம் கீதா?" என்றாள். ரேணுகாம்பாளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தச் சேலைக்குத் தார் சுற்றியபோது அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல்.

ஆவணி முகூர்த்தத்துக்குக் கடை நிரம்பி வழிந்த ஒரு காலையில், ரேணுகாம்பாள் இடுப்பிலிருந்து குழவிக் கல்லை அவிழ்த்து வாசலில் வைத்தாள். பாக்கியமேரி துணி காயப்போடும் கயிற்றை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பஜாரை நோக்கி நடந்தாள். ரேணுகாம்பாள் தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில், சேலைக் கொசுவத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி வந்தாள். டீக்கடையில் ஒருத்தன், "இன்னா மேரிக்கா, பட்டம் விடப் போறியா?" என்றான்.

"ஆமாண்டா. உங்கம்மாளும் அங்கதான் உத்தரத்துல ஒட்டிக்கினு கீறா. போய் இட்டுகினு வா, அவளையும் கட்டி இஸ்துகினு போறேன்."

அவன் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனான். அவன் அம்மா வந்தாள். தெருவின் மற்றப் பெண்களும் வந்தார்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, காற்று பிரித்துவிடாமல். மதிவதனி கடைசியில் வந்தாள். பாக்கியமேரியை விட்டால் அவளுக்குத்தான் இன்னும் இரண்டு காலும் தரையில் பட்டன.

கடைக்குள் வெள்ளை மெத்தை விரிப்பில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று சேலை பார்த்துக்கொண்டிருந்தது. ரேணுகாம்பாள் வாசல் நிலையைப் பிடித்து உள்ளே இறங்கி, திரும்பி வந்த மாம்பழ நிறச் சேலை எங்கே என்று கேட்டாள். ரங்கசாமி அதை மேல்தட்டில் வைத்திருந்தார். அவளுக்கு ஏணி தேவைப்படவில்லை. எடுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள். பிறகு விரிப்பின் நடுவில், வாடிக்கையாளர்கள் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். தரையில் ஒரு சத்தம் கேட்டது, நெல் மூட்டை இறக்கியதைப் போல. மற்றவர்களும் தட்டு தட்டாகச் சேலைகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். யாருடையது யாருக்கு என்று தேட வேண்டியிருக்கவில்லை. தன்னுடையதல்லாத சேலை கையிலிருந்து வழுக்கியது, தன்னுடையது ஒட்டிக்கொண்டது. விற்பனையாளர்கள் கைத்தாங்கலாகத் தூக்கப் பார்த்தார்கள், பிறகு இழுக்கப் பார்த்தார்கள், பிறகு மின்விசிறியைப் போட்டுவிட்டு ஓரமாக நின்றார்கள். பெங்களூர்க் குடும்பம் பாதாம் பால் குடித்து முடித்துவிட்டு வேறு கடைக்குப் போயிற்று. பெண்கள் வெயில் உச்சிக்கு வரும் வரை மடியில் சேலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கால் நகங்களில் இரத்தம் ஏறுவதையும், முழங்கால் வலிப்பதையும், இடுப்பு நோவதையும் ஒவ்வொன்றாக உணர்ந்தார்கள். எடை திரும்பினால் வலியும் சேர்ந்துதான் திரும்பும். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ரங்கசாமி போலீசுக்குப் போன் செய்தார். வந்த ஏட்டய்யா எதைத் திருடினார்கள் என்று கேட்டார். எடையை என்றார் ரங்கசாமி. சேலைகளைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் கொடுத்த நூலும் ஜரிகையும் எவ்வளவோ அவ்வளவு, ஒரு கிராம் குறையாமல் இருந்தது. "குடுத்த சரக்கு சரியா இருக்குதே சார். அப்புறம் இன்னா காணோம்?" என்றார் ஏட்டு. ரங்கசாமி வாயைத் திறந்தார். காணாமல் போனது இன்னதென்று சொன்னால், அது சேலைக்குள் முதலில் எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டியிருந்தது. படித்த மனிதர், வாயை மூடிக்கொண்டார். ஏட்டு வேகமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தாத்தா காலத்து வழக்கப்படி போனதும் வந்ததும் ஒத்துப்போயிருந்தன.

ரேணுகாம்பாள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பாக்கியமேரியிடம் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் அவளுக்குத் தன் செருப்புச் சத்தம் கேட்டது. கடையில் இருந்த சேலைகளில் இருந்தது மட்டும்தான் திரும்பியது. அவள் எடை இருபதைக் கொஞ்சம் தாண்டியதோடு நின்றுவிட்டது. மிச்சம் பெங்களூரிலும் சென்னையிலும் யார் யாருடைய பீரோக்களிலோ நாப்தலின் உருண்டைகளுக்கு நடுவில் மடித்துக் கிடக்கிறது. அது வராது. மதிவதனியின் கால் கிலோ முழுசாக வந்துவிட்டது. அவள் அந்த வாரமே கல்லூரிக்குக் கட்டணம் கட்டினாள். பார்த்திபன் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி உட்கார்ந்துவிடுவாள் என்று பயந்தான்.

ரேணுகாம்பாள் ராட்டையைத் தொட மாட்டேன் என்றுவிட்டதால் தாரைப் பார்த்திபனே சுற்றினான். அந்தச் சேலையோடு அவன் எடையில் முந்நூறு கிராம் குறைந்தது. அவன் அதை ரேஷன் கடையில் நாலு பேருக்கு நிறுத்துக் காட்டினான். மறுநாள் நெசவாளர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. ஒரு வாரத்தில் பஸ் ஸ்டாண்டு முன்னால் கொடி, பந்தல், மைக்; 'உழைப்பவன் எடையை உறிஞ்சாதே' என்று சுவரெல்லாம் சுவரொட்டி. பத்திரிகைக்காரர்கள் வந்து பார்த்திபனைத் தராசின் மேல் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் முதலாளிகள் இறங்கி வந்து, தார் சுற்றுவதற்கும் இழை சேர்ப்பதற்கும் தனிக் கூலி, செய்தவர் கையிலேயே, என்று ஒப்புக்கொண்டார்கள். பாக்கியமேரி சுவரொட்டியை நின்று படித்தாள். "முந்நூறு கிராமுக்கே இவ்ளோ கூச்சலா? அம்பது கிலோ போயிருந்தா ரயில மறிச்சிருப்பானுங்க" என்று சொல்லி, சோறு வடித்த கஞ்சியில் காய்ச்சி ஒட்டிய பசை இன்னும் ஈரமாக இருந்ததைப் பார்த்து, அது எந்த வீட்டுச் சோறு என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

ரங்கசாமி பலகையை மாற்றினார். இப்போது 'லைட் வெயிட் பட்டு, வேலைக்குப் போகும் பெண்களுக்கு' என்று விற்கிறார். விலை முன்னைவிட அதிகம். கலசப்பாக்கத்து மண்டபங்களில் பெண் உட்கார்ந்துவிட்டு எழாவிட்டால் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. பந்தியை முதலில் போட்டுவிட்டு, பிறகு அவளைக் கேட்கிறார்கள். ரேணுகாம்பாள் கூலிக்குத் தார் சுற்றுகிறாள். சாயங்காலம் கல்லூரிப் பேருந்திலிருந்து வந்த மகள் மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு குதித்தால், குதித்த நொடியிலேயே சத்தம் கேட்கிறது.

ஆனாலும் சேலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இறங்குகிறது. அது சோற்றின் எடை, தண்ணீர்க் குடத்தின் எடை, கைக்கே போகும் டீயின் எடை. அதற்குக் கூலி போட எந்தச் சங்கமும் பந்தல் போடவில்லை. அதனால் பாவடித் தெருவில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. தறியிலிருந்து சேலையை அறுத்து எடுத்த அன்று பெண்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நூலின் எடைக்கு அது வரும் வரை எழுந்திருப்பதில்லை. கடை ஆள் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தால், "இருப்பா, இன்னும் எறங்கல" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவன் போனைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறான். அன்றைக்கு வீட்டில் அடுப்பு பற்றுவதில்லை. ஆண்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் இட்லி தின்றுவிட்டு வரப் பழகிவிட்டார்கள். இட்லி விலையைத் தவிர அவர்களுக்கு வேறு புகார் இல்லை.